அசரியா சொன்ன சாட்சி

சனிக்கிழமை காலையில் அசரியா கம்ப்யூட்டரைப் போட்டபோது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. எந்த பாஷையிலும் சேராத வரி. வந்த வேகத்தில் அது மறைந்தது. பெட்டி தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, திரும்பவும் அதே வரியைக் காட்டியது.

"ரத்தினம், இங்க வந்து பாரேன். பிசாசு பிடிச்ச மாதிரி ஆடுது."

"நீங்க எதைத் தட்டுனீங்களோ" என்றாள் ரத்தினபாய் அடுப்படியிலிருந்தே.

அவர் எதையும் தட்டவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சபையில் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டுகளைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுப்பது அவருடைய ஊழியம். அவர் அடித்த வரிகள்தான் சபைச் சுவரில் வெளிச்சமாக விழும். மறந்துவிடக் கூடாது என்று பென்டிரைவை எப்போதும் பெட்டியிலேயே செருகி வைத்திருப்பார். போன வாரம் சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க அதை ஒரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்விட்டு வந்து, பழையபடி செருகினார். அதன் பிறகு தினமும் திரையின் ஓரத்தில் ஏதோ ஒன்று பிடிபட்டதாகவும் நீக்கப்பட்டதாகவும் அறிவிப்பு வந்தது. அசரியா தினமும் திருப்தியோடு ஓகே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தீனாவைக் கூப்பிடலாமா?" என்று ரத்தினபாய் கேட்டாள். தீனா முன்பு அவர்கள் மகன் ஷெர்வினோடு ஒரே கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்த்தவன். இப்போது கேம்ப் ரோட்டில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருந்தான்.

அசரியா ஷெர்வின் இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு சத்தமாகவே சொன்னார். "வீட்ல ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள் ஹெப்சியின் கை நின்றது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை ஷெர்வின் கை படாத கம்ப்யூட்டர் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் குறைவு. வண்டலூர் தாண்டி ஒரு லாரி அவன் பைக்கை இடித்துத் தள்ளியது. பிழைத்தான். நடக்கிறான், பேசுகிறான், சிரிக்கிறான். ஆனால் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் பாதியில் நூல் கையிலிருந்து நழுவிவிடும். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று நிற்பான். தண்ணீர் எடுக்கப் போனவன் குடத்தைப் பார்த்தபடி நிற்பான். இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதை ரத்தினபாய் கேட்டுக்கொண்டாள். அசரியா கேட்டுக்கொள்ளவில்லை. கர்த்தர் அவனை முழுசாகத் திருப்பித் தருவார் என்றார். தினமும் சாயங்கால ஜெபத்தில் அந்த 'முழுசாக' வந்துவிடும். அதைக் கேட்கும்போதெல்லாம் ஷெர்வின் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வதை ஹெப்சி ஒருத்திதான் பார்த்திருந்தாள்.

அவள் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த மாதங்களில் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் தன்னைவிடச் சின்னப் பெண்களோடு போய் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் போ என்று சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வது அவளுக்குப் பழகிப்போனது.

இப்போது அவளுக்கு ஒரே பயம்தான். அண்ணனால் முடியாது என்பதை அப்பா தன் கண்ணாலேயே பார்க்கப் போகிறார். அப்போது அப்பாவின் முகம் எப்படிப் போகிறது என்பதை அண்ணன் பார்க்கப் போகிறான்.

ஷெர்வின் வந்து உட்கார்ந்தான். அந்த வரி வந்து மறைவதைப் பார்த்தான். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. பழைய சிரிப்பு.

"இது பூட்ல உக்காந்திருக்குப்பா. விண்டோஸ் எழுந்துக்கறதுக்கு முன்னாடியே இது எழுந்துக்கும். வீட்டுக்காரன் கண்ணு முழிக்கறதுக்குள்ள திருடன் சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்கற மாதிரி. உள்ள இருந்துக்கிட்டு இதை ஒன்னும் பண்ண முடியாது. வெளியிலேர்ந்து எழுப்பணும்."

"பாத்தியா ரத்தினம்" என்றார் அசரியா. "பாத்தியா, எப்படிச் சொல்றான்."

"எப்படிண்ணா எழுப்பறது?" என்று ஹெப்சி கேட்டாள்.

"வேற பென்டிரைவ் ஒன்னுல..." என்று ஆரம்பித்தவன் நின்றான். பிறகு ஸ்குரூடிரைவர் கேட்டான். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஊதினான். தூசி பறந்தது. பெட்டியைப் போட்டு ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தான். நீலத்தில் ஒரு பட்டியல் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க எதுக்கு வந்தேன்?" என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டு பெட்டியை அணைத்தான். மறுபடி போட்டான். மறுபடி பட்டியல். மறுபடி அதே நிற்பு.

அசரியா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "மெதுவாப் பண்ணுப்பா, ஒன்னும் அவசரமில்ல" என்று அடிக்கடி சொன்னார். சொல்லச் சொல்ல ஷெர்வினின் காது சிவந்தது. அம்மா வைத்துவிட்டுப் போன டீயில் ஆடை கட்டியது. மத்தியானம் ஆனதும் எழுந்து, "நாளைக்குப் பாக்கலாம்பா, தலை ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"பாதி முடிச்சிட்டான்" என்றார் அசரியா. எது பாதி என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சபையில் சுவர் வெறுமையாக இருந்தது. எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அசரியா ஒரே பதிலைச் சொன்னார். "ஷெர்வின்தான் பாத்துக்கிட்டிருக்கான். முடிச்சிடுவான்." வீட்டுக்கு வந்ததும் ஷெர்வின் கம்ப்யூட்டர் மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். சாப்பிடும்போதுகூடத் திரும்பவில்லை.

திங்கட்கிழமை காய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஹெப்சி கேம்ப் ரோடு போனாள். தீனா ஒரு லேப்டாப்பைக் குடல் வேறு தலை வேறாகப் பிரித்துப் போட்டிருந்தான்.

"இன்னா ஹெப்சி, வழி தப்பி வந்துட்டியா? நம்மாளு எப்டி கீறான்?"

"நல்லா இருக்காண்ணா."

"அது கோயில்ல சொல்ற பதிலு. எனக்கு சொல்லு."

சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தீனா கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"இதுக்கா இம்மாம் யோசனை? நான் வந்து ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டுப் போறேன்."

"வேணாம்ணா. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அண்ணனுக்கும் தெரியக் கூடாது."

"அப்ப யாரு பண்றது, தேவதூதனா?"

"நான் பண்றேன்."

தீனா அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீயா? கடைக்காரன் சில்லறை குடுக்க மறந்தா கேக்கக்கூட வெக்கப்பட்டுகினு வூட்டுக்குப் போற ஆளாச்சேம்மா நீ."

ஆனாலும் ஒரு பென்டிரைவில் தேவையானதை ஏற்றினான். ஒரு பழைய பெட்டியில் செருகி, செய்து காட்டினான். "பொட்டிய ஆன் பண்ண உடனே இந்த பட்டனை அமுக்கிக்கினே இரு. லிஸ்ட்டு வரும். அதுல பென்டிரைவ்னு போட்டுருக்கறத எடு. அப்பால அது தானா தேடும். கண்டுபுடிச்சதும் பூட் பகுதிய சரிபண்ணவான்னு கேக்கும். ஆமான்னு குடு. எங்கனா ஃபார்மேட்னு பாத்தே, அது மேல மட்டும் கைய வெச்சிராத. எல்லாம் பூடும். ஆமா, பொட்டில வேற எதுனா சொருகிக் கீதா?"

"அப்பா பென்டிரைவ் எப்பவும் அதுலயேதான் இருக்கும்."

"எப்பவுமா? சரியாப் போச்சு. பொட்டி எழுந்துக்கும்போதே அதுலேர்ந்துதான் பூந்துருக்கும். மொதல்ல அத புடுங்கு. புடுங்காம நீ எத்தினி தபா தொடச்சாலும் திரும்பி வந்துகினேதான் இருக்கும்."

மறுநாள் அம்மா அண்ணனை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அப்பா தாம்பரம் போஸ்ட் ஆபீஸ் போயிருந்தார். ஹெப்சி கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அப்பாவின் பென்டிரைவைப் பிடுங்கினாள். தீனா சொன்ன வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஆமை மாதிரி நகர்ந்தது. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் ஒரு கேள்வி வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு ஆமாம் கொடுத்தாள். தீனா கொடுத்த பென்டிரைவை எடுத்துவிட்டுப் பெட்டியைப் போட்டாள். அந்த வரி வரவில்லை. வால்பேப்பர் வந்தது. கோவளம் கடற்கரையில் ஷெர்வின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பழைய படம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் பென்டிரைவையும் சுத்தம் செய்தாள். பிறகு பெட்டியை அணைத்து, நாற்காலியை அண்ணன் விட்டுப்போன இடத்துக்கே நகர்த்திப் போட்டாள்.

சாயங்காலம் அசரியா, "ஒரு தடவை உக்காந்து பாரேன்பா" என்றார். ஷெர்வின் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவனுக்கு அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கம் இல்லை. உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். கடற்கரைப் படம் வந்தது.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். ரத்தினபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அசரியா அப்படியே தரையில் முழங்கால் போட்டுவிட்டார். முட்டிவலிக்காரர். ஹெப்சிதான் பிறகு கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"சனிக்கிழமை நீ செஞ்சதுதான் இன்னைக்கு வேலை செஞ்சிருக்கு" என்று அவரே காரணமும் சொன்னார்.

"ம்" என்றான் ஷெர்வின். யார் பக்கமும் திரும்பவில்லை.

இது இத்தோடு முடிந்தது என்றுதான் ஹெப்சி நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அசரியா சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர் அல்ல. வீட்டுச் சாவி கிடைத்ததற்கெல்லாம் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சலித்துக்கொள்வார். அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது சபையே திரும்பிப் பார்த்தது.

"என் மகனைப் பத்தி டாக்டர்கள் சொன்னது உங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். "பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க சொன்னாங்க. போன வாரம் எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு வைரஸ். அடியிலேயே போய் உக்காந்துக்கற வைரஸ். அதை என் மகன் தன் கையால எடுத்தான். யாரும் உதவி பண்ணல. என் மகனைக் கர்த்தர் எனக்குத் திருப்பிக் குடுத்துட்டார்."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சபை முழுக்கச் சத்தம் எழும்பியது. பெண்கள் பக்கத்தில் ஹெப்சி துப்பட்டாவை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பாயின் கோரையைப் பார்த்தாள். யாரும் உதவி பண்ணல. அது பொய் என்று அப்பாவுக்குத் தெரியாது. அதைப் பொய்யாக்கியவள் அவள்.

"தம்பி, நீங்களும் ஒரு வார்த்தை" என்றார் பாஸ்டர்.

ஷெர்வின் மைக்கைப் பார்த்தான். "அப்பா சொன்னதுதான்" என்றான். அந்தப் பணிவுக்கு இன்னொரு தடவை ஸ்தோத்திரம் எழும்பியது.

ஆராதனை முடிந்ததும் வில்பிரட் அங்கிள் வந்து அவன் தோளில் தட்டினார். ரயில்வேயில் இருந்தவர், எதையும் சபை வார்த்தையிலேயே சிரிப்பாகச் சொல்கிறவர். "தம்பி, என் பொட்டி ரொம்ப நாளா வழி தவறிப் பின்மாற்றத்துல இருக்கு. கொண்டாந்து விடறேன், கொஞ்சம் எழுப்புதல் குடு."

போர்வையில் சுற்றிய பெட்டி ஆட்டோவில் வந்தது. அதற்குப் பிறகு ஸ்ம்ருதி என்ற காலேஜ் பெண்ணின் லேப்டாப் வந்தது. அசரியா வாசலிலேயே நின்று வாங்கி வைத்தார். ஹெப்சி தீனாவுக்கு போன் செய்தாள். தீனா முதலில் சிரித்தான். பிறகு, "இது எங்க போய் முடியுமோம்மா" என்றான். ஆனாலும் சொல்லிக் கொடுத்தான். ஷெர்வின் பிசியோதெரபிக்குப் போய், அப்பாவும் வெளியே போகும் காலைகளில் அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சாயங்காலம் ஷெர்வின் வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான். பெட்டி எழுந்துகொள்ளும்.

அவளைத் தொந்தரவு செய்தது இன்னொன்றும் உண்டு. அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எது எதோடு சேருகிறது, எது எங்கே தங்குகிறது என்று புரிய ஆரம்பித்தது. படிப்பை விட்ட பிறகு இப்படி ஒன்று புரிந்து மனசு துள்ளியது இப்போதுதான். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் காட்ட முடியாது. அண்ணனிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பொருள் மாதிரி அது அவளுக்குள் உறுத்தியது.

அசரியா ஷெர்வினின் பழைய கம்பெனி மேனேஜருக்கு போன் செய்தார். வாசலில் நின்று சத்தமாகப் பேசினார். உள்ளே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"திங்கக்கிழமை மாடம்பாக்கத்துல ஒரு வீட்டுக்குப் போகணுமாம். கூட ஒரு பையனை அனுப்பறாராம். சும்மா பாக்கறதுக்குத்தான், செஞ்சிட்டான்னா சேத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"இப்பவேவா?" என்றாள் ரத்தினபாய்.

"பின்ன எப்ப? பையன் ரெடியாத்தானே இருக்கான்." அவரே ஷெர்வினின் நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட உட்கார்ந்தார்.

ஹெப்சி மொட்டை மாடிக்குப் போனாள். ஷெர்வின் தொட்டி ஓரமாக நின்று ஏர்போர்ஸ் விமானம் ஒன்று தாழ்வாக வட்டமடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் இறங்கியிருந்தது. கொடியில் துணி காய்ந்து விறைத்திருந்தது.

"அண்ணா, உன்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லாத."

"உனக்குத் தெரியுமா?"

"மொதல் நாளே தெரியும். செஞ்சது மறந்துபோவும் பாப்பா. செய்யலங்கறது கைக்குத் தெரியுமே."

"ஏன் ஒன்னும் கேக்கல?"

"அம்மா அழுதாங்க. அப்பா முட்டி போட்டாரு. அதுக்கு நடுவுல எங்க கேக்கறது?"

"நான் போய் அப்பாகிட்ட சொல்லிடறேன்ணா. எல்லாத்தையும் சொல்லிடறேன். திங்கக்கிழமை நீ போக வேணாம்."

"நீ சொன்னா அவர் சபையில எழுந்து பொய் சொன்னவரா ஆயிடுவார். அவர் அப்புறம் அங்க போகவே மாட்டார். உன்கிட்டயும் பேச மாட்டார்." அவன் தொட்டியின் விளிம்பைத் தடவினான். "நான் போறேன். முடியலன்னு வெளியில இருக்கறவங்க சொல்லட்டும். நீ சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அப்ப அவருக்கு..."

விமானம் தலைக்கு மேல் போனது. அவன் அதையே பார்த்தான். சத்தம் அடங்கியதும் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"ஒன்னுமில்லண்ணா" என்றாள் ஹெப்சி. "துணி எடுக்க வந்தேன்."

திங்கட்கிழமை நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனவன் மத்தியானத்துக்கு முன்பே திரும்பினான். கம்பெனிப் பையன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஆபேல் என்று பெயர், நல்ல மாதிரியான பையன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, அசரியாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணன் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் சார். அந்த வீட்டு மேடம் கொஞ்சம் பயந்துட்டாங்க. ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தாரு. மேனேஜர் உங்ககிட்ட பேசறேன்னு சொன்னாரு."

"வீட்ல நல்லாப் பண்ணானேப்பா" என்றார் அசரியா. "சபையில எல்லாருக்கும் பண்ணிக் குடுத்தான். நீ வேணா கேட்டுப் பாரு."

"சரி சார்."

"நீ போன் போட்டுக் கேளு. வில்பிரட்னு ரயில்வேல இருந்தவர்..."

அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்க ஹெப்சியால் முடியவில்லை. அந்நிய ஆள் முன்னால் வராதவள் வாசலுக்கு வந்துவிட்டாள். "அப்பா" என்றாள். அடுத்த வார்த்தையை அவள் எடுப்பதற்குள் ஷெர்வின் பேசினான்.

"நடுவுல கொஞ்ச நாள் வந்துச்சுப்பா. வீட்ல பண்ணேன்ல, அப்ப எல்லாம் வந்துச்சு. இன்னைக்கு உக்காந்தா ஒன்னுமே வரல. போயிடுச்சுப்பா."

நடுவில் எங்கும் தடுமாறாமல் அவன் அதைச் சொல்லி முடித்தான். விபத்துக்குப் பிறகு அவன் நூல் அறாமல் சொல்லி முடித்த நீளமான பேச்சு அது. மொட்டை மாடியிலிருந்து மாடம்பாக்கம் வரை அதை எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பானோ என்று நினைத்தபோது ஹெப்சி சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அன்றைய சாயங்கால ஜெபத்தில் அசரியா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். அந்தச் சில வாரங்களுக்காக நன்றி சொன்னார். கொஞ்ச நாளாவது அவனைப் பழையபடி பார்க்க வைத்ததற்கு நன்றி என்றார். 'முழுசாக' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ரத்தினபாய் விசும்பினாள். ஹெப்சி கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம், இந்த நிமிஷமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்வினின் கை பாயின் மேல் நகர்ந்து வந்து அவள் விரல்களை அழுத்தியது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவளுக்கு அது வாயில் வர நேரமானது.

வீட்டில் இன்னும் ஒரு பெட்டி மீதி இருந்தது. ஜான்சி ஆன்ட்டி முந்தின வாரம் கொண்டுவந்து வைத்தது. அதைப் பார்க்கவே அசரியாவுக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை காலையில் அவரே அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

"தீனா கடையில குடுத்துட்டு வந்துடறேன். அந்தம்மா எத்தனை நாள் காத்திருப்பாங்க."

ஹெப்சிக்குத் திக்கென்றது. "நான் கொண்டுபோறேம்ப்பா" என்றாள். அவர் கேட்கவில்லை. அவர் தெரு முனை திரும்பியதும் தீனாவுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் வேலையில் இருந்தால் போன் எடுக்க மாட்டான்.

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது பெட்டி கையிலேயே இருந்தது, அதே துண்டில். மூச்சு வாங்கியது. மேஜை மேல் அதை இறக்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

"தீனா இல்லையா?" என்றாள் ரத்தினபாய்.

"இருந்தான். நல்ல பையன். ரொம்ப நேரம் ஒன்னும் சொல்லாம இருக்கத்தான் பாத்தான். நான்தான் விடல."

ரத்தினபாய் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அசரியா துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே நின்றார். ஹெப்சியைப் பார்க்கவில்லை. அவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இத நீயே பாரு" என்றார்.

"அப்பா..."

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம்." முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஆனாலும் அவர் விரல்கள் துண்டின் நுனியை விடவில்லை. "எனக்காக அவன் அங்க போய் உக்காந்துட்டு வந்திருக்கான், இல்ல? அந்தப் பொம்பள பயப்படற வரைக்கும்."

ஹெப்சி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் துண்டை மடித்து மேஜை ஓரம் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளறையில் கேட்கும்படி குரலை உயர்த்தினார். கம்ப்யூட்டர் கெட்ட அந்தச் சனிக்கிழமை கூப்பிட்ட அதே குரல்தான். அதை வரவழைக்க அவருக்கு எவ்வளவு பாடு என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஷெர்வின், உனக்கு மறந்தா போகட்டும்பா. தங்கச்சிக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன், அவ கத்துக்கட்டும்."

ஷெர்வின் வந்தான். அப்பாவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரிப்பா" என்றான். அசரியா சட்டையை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

ஹெப்சி மூடியைக் கழற்றினாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஷெர்வின் தன் போனில் டார்ச்சைப் போட்டுப் பிடித்தான்.

"இது மெமரி" என்றான். "இதை எடுத்துத் தொடச்சிட்டு..."

அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

"சொல்லுண்ணா, இதை எடுத்துத் தொடச்சிட்டு, அப்புறம் ஹார்ட் டிஸ்க் வயரைப் பாக்கணும், இல்ல?"

"ஆமா. வயரைப் பாக்கணும்."

அவள் கையை வயர் பக்கம் கொண்டுபோனாள். வெளிச்சம் கூட வரவில்லை. மெமரி இருந்த இடத்திலேயே நின்றது. ஷெர்வின் மிகுந்த கவனத்தோடு, கை அசையாமல், அந்த இடத்தையே காட்டிக்கொண்டிருந்தான்.

ஹெப்சி வெளிச்சம் விழுந்த இடத்துக்கே தன் கையைத் திரும்பக் கொண்டுவந்தாள்.